குசினிக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

பிள்ளைகளே, போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, சின்ன வயதில் போன இடங்களிலேயே அந்தக் கடற்கரை விடுதிதான் நன்றாக இருந்தது என்று மூன்று பேரும் சொன்னீர்கள். ஊஞ்சல் ஆடியதையும் நண்டு பிடித்ததையும் பேசிப் பேசிச் சிரித்தீர்கள். உங்கள் அம்மா எழுந்து உள்ளே போனாள். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் அந்த நாலு நாளை உள்ளபடி எழுதி உங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க் வேலை எனக்கு. எங்கள் கம்பெனி, வேம்பாருக்குப் போகிற வழியில் கடலோரமாக ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்துத் தொழிலாளர் விடுமுறை விடுதி ஆக்கியது. சீட்டுக் குலுக்கி எட்டுக் குடும்பங்களை எடுத்தார்கள். தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, காப்பி, போகவர வேன், எல்லாம் கம்பெனி பொறுப்பு. என் சீட்டும் விழுந்தது.

அன்று வேலை முடிந்து வந்ததும் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "நாலு நாள் நீ குசினிப் பக்கமே போக வேண்டாம். உக்காந்த எடத்துக்கு இலை வரும்."

அடுக்களையைக் குசினி என்றுதான் நம் வீட்டில் சொல்வோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவள் அதற்குள்ளேதான் சாப்பிட்டாள், நாம் எல்லாரும் எழுந்த பிறகு, பெரும்பாலும் நின்றுகொண்டே.

"நெசமாவா?" என்று கேட்டாள். "கல்யாணத்தன்னைக்குத்தான் கடைசியா ஒருத்தர் எனக்குப் பரிமாறுனது."

"நெசமாத்தான். கம்பெனி குடுத்த பாரம் பூரா வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து போட்டேன்."

நான் வாசிக்கவில்லை. இரண்டு பக்கமும் இங்கிலீஷ். மற்றவர்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட்டிடம் கொடுத்து அர்த்தம் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்து போட்டேன். உங்கள் அம்மா கான்வென்டில் பத்தாவது படித்தவள். உலை கொதிக்கும் நேரத்துக்குள் வாசித்திருப்பாள். பெண்டாட்டியிடம் கொண்டுபோய் நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சேலையை அவள் பெட்டியின் அடியில் மடித்து வைத்தாள். சாப்பிட உட்காரும்போது கட்டிக்கொள்ள என்றாள்.

வியாழக்கிழமை காலை போய் இறங்கினோம். விடுதி மேனேஜர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், கழுத்தில் விசில். எட்டுக் குடும்பத்தையும் வராந்தாவில் நிறுத்தி, நாங்கள் கையெழுத்துப் போட்ட பாரத்தைத் தமிழில் வாசித்தார். ஒன்பதாவது விதி, குடும்பத்துத் தாய்மார்கள் முறை வைத்துச் சமையலுக்கு உதவ வேண்டும் என்பது. அதோடு ஒரு செய்தியும் சொன்னார். சமையல்காரருக்கு வர வேண்டிய இரண்டு கையாட்கள் வரவில்லை. அதனால் முறை கிடையாது, எல்லாத் தாய்மாரும் எல்லா வேளையும் வர வேண்டும்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற, கப்பலில் சுமை தூக்கி இறக்கும் வின்ச் டிரைவரின் மனைவி அவள் தோளில் இடித்தாள்.

"ஏளா, அண்ணாச்சி உங்கிட்ட சொல்லலையா? எங்க வீட்டுல சொல்லித்தான் கூட்டியாந்தாரு. அங்கன தனியா ஆக்குறத இங்கன கூட்டமா ஆக்குவோம்னு."

"இத புதுசா சேத்திருப்பாங்க," என்றேன் நான். அது இரண்டாவது பொய்.

குசினி என்பது பங்களாவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சித்திரை வெயில் மேலே, உடைமர விறகுப் புகை கீழே. வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்தவள் அங்கே நாற்பது பேருக்கு மாவு ஆட்டினாள். விசில் ஊதினால் ஆண்கள் பந்தி, அடுத்த விசிலுக்குப் பிள்ளைகள். பெண்கள் கொட்டகைக்குள்ளேயே மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். நீங்கள் நாள் முழுக்கக் கடலில் கிடந்தீர்கள். நான் வராந்தாவில் சீட்டாடினேன். கையில் என்ன சீட்டு இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆட்டுக்கல் ஓடுகிற சத்தம்தான் காதில் இருந்தது.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நடந்தேன். எங்கே நடப்பது? முன்னால் கடல், ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் உடைமரக் காடு. பஸ் போகிற ரோட்டுக்கு மூன்று மைல் மணல். மத்தியானம் கேட்டைப் பூட்டிச் சாவியை மேனேஜர் இடுப்பில் சொருகிக்கொள்வார். கேட்டுவரை போனேன், திரும்பினேன். மறுபடியும் போனேன். கடைசியில் அவரிடமே போய், எங்களை மட்டும் ஊருக்கு அனுப்ப வழி உண்டா என்று கேட்டேன்.

"என்ன வே, சோறு செமிக்கலையா? சும்மா கெடந்து தின்ன கசக்குதா?" என்றார். "ஞாயித்துக்கெழம வேன் வரும். அதுவரைக்கும் இருப்போம்னு கையெழுத்து போட்டிருக்கீரே."

அதுவும் அதில் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள். குழவி பிடித்துக் கொப்பளித்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க அந்தப் பாரத்த வாசிக்கல, இல்லியா?"

நான் தொட்டியில் இருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன்.

"எங்கிட்ட தந்திருந்தா வாசிச்சிருப்பேன்."

"நீ வாசிச்சு எனக்குச் சொல்லணுமான்னு இருந்தது."

"இப்ப மேனேஜர் வாசிச்சுச் சொன்னாரு. அது நல்லாருந்துதா?"

"தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டோம்."

"வந்திருப்போம். புள்ளைக கடல்ல ஆடுறத பாக்கணும்லா," என்றாள். "ஆனா எனக்கு இலை போடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

கோபமாகத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டு மறுபடி கொட்டகைக்குள் போனாள், ராச்சோற்றுக்கு அரிசி களைய.

இனி மிச்சம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஒன்றுதான். அது முடிந்ததும் வேன். அன்று காலை ஜெபம் முடிந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

சமையல்காரர் ஏரல் ஊர்க்காரர். "ஐயா, ஆம்பளைக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டார்.

"எங்க மூணாம் நம்பர் ரூமுக்கு இன்னைக்கு அவளுக்குப் பதிலா நான்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வின்ச் டிரைவர் மனைவி பொத்தவும் இல்லை. "ஏளா, இங்க பாரு, டேலி கிளார்க்கு தேங்காய எண்ணுதாரு." வராந்தாவில் இருந்து என் கூட்டாளி ஒருத்தன், "ஏலே, மூட்ட எண்ணுறவன் மொளகா அரைக்கான், வந்து பாருங்கலே," என்று ஆள் கூட்டினான். நான் குனிந்த தலை நிமிரவில்லை. உங்கள் அம்மா அம்மிப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். நீ போ, பிள்ளைகளைக் குளிப்பாட்டு என்றேன். போனாள்.

மேனேஜர் வந்தார். "பாரத்துல தாய்மார்னுதான் வே இருக்கு."

"வேற பாரம் தாங்க. கையெழுத்து போடுதேன். ஆனா வாசிச்சுட்டுத்தான் போடுவேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார்.

வேன் வருவதால் அன்று ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தி. விசில் ஊதினதும் உங்கள் அம்மா நீலச் சேலை கட்டி வந்தாள். உங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, பந்திக் கடைசியில், ஆண்கள் எல்லாரும் பார்க்க, தானும் உட்கார்ந்தாள். சின்னவன் தண்ணீர் கேட்டான். அவள் பாதி எழுந்தாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை எடுத்து ஓடினேன். மறுபடி உட்கார்ந்தாள்.

சீலா மீன் குழம்பு. எனக்குப் பரிமாறிப் பழக்கமில்லை. முன்னால் இருந்தவர்களுக்கு அள்ளி அள்ளி ஊற்றிவிட்டேன். அவள் இலைக்கு வரும்போது ஒரு துண்டும் கொஞ்சம் சாறும்தான் தேறியது. அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம்," என்றாள். கொட்டகைக்கு ஓடினேன். சட்டியை வழித்தாகிவிட்டது. வெறும் வாளியோடு அவள் முன்னால் வந்து நின்றேன்.

"சரி, ரசம் ஊத்துங்க," என்றாள். ஊற்றினேன். "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டுப் பரிமாறுனா யாருக்குச் சோறு எறங்கும்?"

ஆனாலும் பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

வேன் வந்து நின்று விசில் ஊதினார்கள். பந்தி முழுக்க எழுந்துவிட்டது. நீங்கள் ஊஞ்சலுக்குக் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடினீர்கள். நான் அவளுடைய இலையை எடுத்துக்கொண்டு, "கெளம்பணும்," என்றேன்.

"நீங்க போயி பெட்டியெல்லாம் ஏத்துங்க," என்றாள். "நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுதேன்."