சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும்

என் அக்காவுக்கு லாண்டரியில் வைத்திருக்கும் பெயர் ஆவி. நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெண்புகைக்குள் நிற்பதால் வந்த பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள். "ஆவின்னா பயந்து வழி விடுவாங்கல்ல, நல்லதுதான்" என்பாள். இவ்வளவு வாயாடுகிறவள், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "கொஞ்சம் வெளிய வாடி" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் எனக்குத் தெரியும். லாண்டரி முதலாளிக்கு முழங்கால் போய்விட்டது, கடையைக் கைமாற்றுகிறார். இத்தனை வருஷம் உழைத்தவள் என்பதால் முதலில் அக்காவிடம்தான் கேட்டார். முன்பணம் அன்று சாயங்காலம் கடை அடைப்பதற்குள் வந்தால் சாவி அவளுக்கு. வராவிட்டால் தெருமுக்கில் இருக்கும் பெரிய சலவைக் கம்பெனிக்கு. அங்கே இஸ்திரி போடுவது மெஷின். ஆவிக்கு அங்கே வேலை இல்லை.

அலுவலக வாசலில் நின்றிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பணம் தெரியுது பாரு. முழுசா தெரியுது. ஆனா நகர மாட்டேங்குது."

பார்த்தேன். பேங்க் செயலியில் அவளுக்கு மூன்று கணக்குகள் இருந்தன. சம்பளம் வருவது ஒன்று, பச்சைப் பட்டை போட்டது ஒன்று, சிவப்புப் பட்டை போட்டது ஒன்று. சேமிப்பு மொத்தமும் சிவப்பில் கிடந்தது. பணம் அனுப்பும் பொத்தான் வெளிறிப் போயிருந்தது. மேலே இங்கிலீஷில் நோட்டீஸ் அக்கவுண்ட் என்று எழுதியிருந்தது.

"இதுக்கு யாரு மாத்தினா?"

"நான்தான். போன மாசம். வட்டி அதிகம்னு காட்டுச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்ப" என்றாள். அது உண்மைதான். அவளை இழுத்துக்கொண்டு பேங்குக்கு நடந்தேன்.

பேங்கில் ஒரே ஒரு கவுண்ட்டர்தான் திறந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் உண்டியலைக் கொட்டியது போலச் சில்லறை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் முந்தானையை முறுக்கிய முறுக்கில் அதற்கே இஸ்திரி தேவைப்பட்டது.

கவுண்ட்டர் அம்மா நல்லவர், பொறுமையாகச் சொன்னார். "கரண்ட் அக்கவுண்ட்ல சம்பளம் வரும், வாடகை போகும், கடையில கார்டு தேய்க்கலாம். ஈஸி ஆக்சஸ்னா சேமிப்பு, வட்டி கம்மி, ஆனா நெனச்ச நேரம் எடுக்கலாம். நோட்டீஸ்ல வட்டி கூட. எடுக்கணும்னா மூணு மாசம் முன்னாடியே எங்ககிட்ட சொல்லி வைக்கணும்."

"இப்ப சொல்றேன் மேடம்" என்றாள் அக்கா.

"சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன். மூணு மாசம் கழிச்சு வரும். அதுக்கு முன்னாடி நானோ மேனேஜரோ கை வைக்க முடியாதும்மா."

அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். கவுண்ட்டர் அம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. "பக்கத்துலயே பச்சை இருந்துச்சே, அதுதான் ஈஸி ஆக்சஸ். ஏம்மா அதுல போடல?"

"பச்சைன்னா அவசரமில்லைன்னு அர்த்தம் மேடம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாண்டரிக்கு வருகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு குத்துவார்கள். சிவப்புச் சீட்டு என்றால் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும், பச்சை என்றால் காத்திருக்கலாம். வருஷக்கணக்காக அவள் கை சிவப்பைத்தான் முதலில் எடுத்திருக்கிறது. கேட்டவுடனே கிடைக்க வேண்டிய பணத்தை அவள் வேறு எங்கே வைப்பாள்? வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் களுக்கென்று சிரித்தான். திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டான்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடி. நானே என் வாயில மண்ணப் போட்டுக்கிட்டேன். திங்கக்கிழமை அந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்கணும், தரை துடைக்கவாவது கூப்பிடுவாங்களான்னு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் போனிலும் ஒரு பச்சைப் பட்டை உண்டு. ஈஸி ஆக்சஸ் என்றால் என்ன என்று தெரிந்து, தெளிவாக, யாரிடமும் சொல்லாமல் சேர்த்தது. பச்சையைத் துடைத்தெடுத்துக் கரண்ட்டுக்கு மாற்றினேன், அங்கிருந்து முதலாளிக்கு அனுப்பினேன். 'இவரை உங்களுக்கு நிஜமாகவே தெரியுமா' என்று செயலி இரண்டு தரம் கேட்டது. தெரியும் தெரியும் என்று தட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போயிருக்குமா, நடுவில் தொங்குமா என்று பதைத்துக்கொண்டே இருவரும் கடைக்கு ஓடினோம்.

முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் போனைப் பார்த்தார். "வந்துருச்சு" என்றார். சாவியை அக்கா கையில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு போனார்.

அக்கா சாவியைப் பிடித்துக்கொண்டு துணிகளுக்கு நடுவே நின்றாள்.

"அவ்வளவு பணம் எதுக்குடி வச்சிருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "தனியா ஒரு ரூம் பாத்திருக்கேன். அடுத்த வாரம் அட்வான்ஸ் குடுக்கணும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ வருத்தப்படுவ."

நாங்கள் இருவரும் படுக்கும் முன்னறையில் பாதி இடத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் துணி மூட்டைகள்தான் அடைத்துக்கொண்டிருக்கும். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேஜை டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் சட்டைக் கையில் குத்தினாள். சிவப்பு.

"உன் பணம் வர மூணு மாசம் ஆகும்ல" என்றேன்.

"பேங்குக்குத்தான் மூணு மாசம்" என்றாள் அக்கா. "இனிமே துணி மூட்டை வீட்டுக்கு வராது, அந்த இடம் உனக்கு. இருக்கறதை இன்னைக்கே எடுத்துட்டு வந்து இங்க போடலாம், வா."