மீட்டர் வாய் திறக்காத காலை

வெர்னா ஸ்டப்ஸ் எங்கள் பட்டறையில் பாதுகாப்பைக் கவனிக்க வருவதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வண்டி போனாலும் ஓட்டுநர் புத்தி போகவில்லை. கரைப்பான் அறைக்குள் யார் நுழைந்தாலும் தலை முதல் கால்வரை ஒரு பார்வை, பிறகு சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் தட்டிக் காட்ட வேண்டும். லைட்டரோ போனோ இருந்தால் நுழைவு கிடையாது. உரசினால் பொறி வரும் என்பதால் செயற்கைக் கம்பளியான ஃபிளீஸ் ஜாக்கெட்டையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அக்டோபர் மாதத்து ஆரிகன் குளிரைப் பற்றி அவளிடம் முறையிட்டுப் பயனில்லை.

உரிமம் வாங்கிய கஞ்சாப் பூவிலிருந்து எண்ணெய் எடுப்பது எங்கள் பிழைப்பு. தொட்டியிலிருந்து கிளம்பும் திரவ பியூட்டேன்தான் எங்கள் கரைப்பான்; அது பூ அடைத்த குழாய்க்குள் இறங்கி எண்ணெயைக் கூட்டிக்கொண்டு போகும். அடுத்த கலத்தில் எண்ணெயை விட்டுவிட்டு ஆவியாகி, குளிர்ந்து, புறப்பட்ட தொட்டிக்கே திரும்பும். போனது அத்தனையும் வீடு வந்து சேர வேண்டும். அதனால் தொட்டியைத் தராசின் மேல் நிறுத்தியிருக்கிறோம். வெர்னாவின் ஒரு கண் எப்போதும் அந்தத் தராசில்தான்.

சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் பியூட்டேனில் நாற்றம் கலப்பதில்லை. சுவரில் ஒரு மீட்டர், வெர்னாவின் சட்டையில் ஒரு மீட்டர், இந்த இரண்டும்தான் எங்களுக்கு மூக்கு. அவையோ தொட்டால்சிணுங்கிகள். எங்களோடு வேலை செய்யும் ராய்ஸ் ஆல்கஹால் போட்டு மேசையைத் துடைத்தால்கூட ஊரைக் கூட்டும். கத்தும்போதெல்லாம் வெர்னா எங்களை முற்றத்துக்குத் துரத்தித் தலை எண்ணுவாள்.

ராய்ஸ் கை வேகமும் வாய் வேகமும் உள்ளவன். ஆனால் அவன் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. மூன்று தப்பு செய்தால் வேலை இல்லை என்பது வெர்னா எழுதி முதலாளி கர்டிஸ் கையெழுத்திட்ட சட்டம். லைட்டரில் ஒன்று, ஜாக்கெட்டில் ஒன்று என்று ராய்ஸுக்கு இரண்டு ஆகிவிட்டது. அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

அன்று காலை உள்ளே வந்ததுமே ராய்ஸ் ஆரம்பித்தான். "என்னங்க, இன்னிக்குக் கதவு அழவே இல்ல? தினமும் அது போடுற கிறீச்சுல எனக்கு ஒரு காதே போயிடுச்சு. யாரோ புண்ணியவான் வைத்தியம் பாத்திருக்காங்க."

"கதவுக்கு ஓய்வு குடுத்தாச்சு. உன் வாய்க்கும் குடு" என்றாள் வெர்னா, தராசைப் பார்த்தபடியே.

கர்டிஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டோனட் பெட்டியோடு நின்று கட்டைவிரலைக் காட்டினான். அறுவடைக் காலம், பூ மலைபோல் குவிந்து கிடந்தது. மீட்டர் ஒருமுறைகூடக் கத்தாததில் அவனுக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான்.

வெர்னாவின் முகம்தான் சரியில்லை. "திரும்பி வர்றது குறையுதே" என்று முணுமுணுத்தாள்.

"குழாய்ல தங்கியிருக்கும்" என்றேன். மீட்டரில் பூஜ்யம் இருந்ததால் எனக்குத் துணிச்சல்.

அவள் குனிந்து குழாயை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கீழ் இணைப்பில், கவ்வியைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. பனி பிடிக்கக் கூடாத இடம் அது. கசியும் பியூட்டேனின் குளிரில்தான் அப்படிப் பூக்கும். மறு நொடி அவள் உள்ளங்கை சிவப்புப் பொத்தானில் இருந்தது. வால்வுகள் மூடிக்கொண்டன, காற்றாடிகள் இரைந்தன.

"எல்லாரும் வெளிய! எதையும் தொடாதீங்க, நடங்க!"

முற்றத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. கர்டிஸ் டோனட்டோடு ஓடி வந்தான். "மீட்டர் பூஜ்யம் காட்டுது வெர்னா! கொஞ்சம் பனியப் பாத்துட்டு ஒரு பகல் பூராவும் கெடுக்கறியா?"

அவள் சோதனை வாயு உள்ள சின்ன டப்பாவை எடுத்து, சட்டையிலிருந்த மீட்டரின் முகத்தில் நேராகப் பீய்ச்சினாள். அலற வேண்டிய மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு நேரம் செத்த மூக்கை நம்பி உள்ளே நின்றிருக்கிறோம்.

கர்டிஸ் முட்டாள் அல்ல. டோனட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தான். "சிலிக்கான் ஸ்பிரே. அது பட்டா இந்த மீட்டர் செத்துடும்னு பயிற்சியில தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே! கீல்ல யாரோ அடிச்சிருக்காங்க." பிறகு ராய்ஸிடம் திரும்பினான். "அந்தக் கதவத் தினமும் திட்டுறவன் நீ ஒருத்தன்தான். மூணாவது, ராய்ஸ். உன் சாமான எடுத்துட்டுக் கிளம்பு."

"சத்தியமா நான் இல்ல, கர்டிஸ்." அந்த வாயாடியின் குரல் உடைந்துபோயிருந்தது.

வெர்னா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை அவள் கண்ணாடியில் வழிந்தது, துடைக்கவில்லை.

"அவன விடு. அடிச்சது நான்தான்" என்றாள். "காலைல நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, மீட்டர் சோதனை முடிஞ்ச பிறகு, கேஸ் திறக்கறதுக்கு முன்னால. அந்தக் கிறீச்சு பல்லக் கூச வச்சுது. என்ன டப்பான்னுகூடப் பாக்கல. ஸ்பிரே பட்டதும் ரெண்டு மீட்டரும் ஒரு தடவ கத்துச்சு. நானே அமுக்கி வாய மூடினேன்."

எங்கள் பையைத் தட்டிப் பார்த்தவள், எங்கள் ஜாக்கெட்டை உரித்தவள்! சிரித்திருக்க வேண்டும். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ராய்ஸ் தப்பித்துவிட்டான். பேசாமல் நின்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"அந்தக் கீழ் இணைப்பு..." என்று தொடங்கினான் ராய்ஸ். "அதுல புது ரப்பர் வளையம் போட்டிருக்கணும். நேத்து மாட்டும்போது புதுசு கைதவறிக் கவ்வியில சிக்கிக் கிழிஞ்சுது. பழசையே போட்டு இறுக்கிட்டேன்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மூணாவது ஆயிடுமேன்னுதான். உங்களுக்குப் பயந்துதான் வெர்னா."

அவள் சட்டென்று ஈரச் சிமெண்டுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறையில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடந்ததில்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம், அவளும் நினைத்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு கர்டிஸை நிமிர்ந்து பார்த்து, அதே பேருந்துக் குரலில் சொன்னாள்: "அந்த மூணு தப்புச் சட்டத்தக் கிழிச்சுப் போடு. அதுதான் நம்மள இன்னிக்குக் கொன்னிருக்கும்."