கொட்டகைக்குள் நின்ற பந்தயக் கார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள், எதற்கும் பயந்ததில்லை. போன மாதம், நாங்கள் வாங்கிய பழைய பீங்கான் கம்பெனியின் துருப்பிடித்த கொட்டகைப் பூட்டைப் பெரிய மகன் அறுத்துத் திறந்தான். உள்ளே ஒற்றை ஆள் உட்காரும் பழங்காலப் பந்தயக் கார், விரல் கனத்துக்குக் களிமண் தூசி படிந்து நின்றது. தரைத் தூசியில் எங்கள் காலடித் தடம் மட்டும்தான்.

"இதை வாங்க ஆளுங்க அலையறாங்கம்மா. நீ பின்னால தள்ளு" என்று மகன் ஏறி உட்கார்ந்தான்.

"இருடா, எலுமிச்சம்பழம் வெக்காம நம்ம வூட்டு வண்டி என்னிக்கு நகர்ந்துச்சு?"

முந்தானையில் முடிந்து வந்த பழங்களோடு குனிந்தேன். நாலு சக்கரத்தடியிலும் ஏற்கெனவே பழம் இருந்தது. பச்சையாக, ஈரத்தோடு.

"எறங்குடா! யாரோ கெளம்பறதுக்கு வெச்சிருக்காங்க."

இறங்கினான். புதுப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டோம், விற்கவில்லை.

இந்தா பேத்தி, எழுதினத ஒருவாட்டி படிச்சுக் காட்டு. பூட்டிட்டோம்னு சரியா எழுதியிருக்கேனா? அதக் கேட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.