வாசலில் மூன்று தரம்

அவருக்கு வெண்கலம் என்று பேர் வைத்தவர்கள் வக்கீல்கள். அப்படி ஒரு குரல். கீழ்க் கோர்ட்டு வாசலில் நின்று வழக்குக்காரர்களை மூன்று தரம் கூப்பிடுவது அவர் வேலை. ஊரையே கட்டி ஆண்டவராக இருந்தாலும் அங்கே 'ஐயா' கிடையாது, மொட்டைப் பேர்தான். மூன்றாவது தரமும் ஆள் வராவிட்டால் உள்ளே போய், "ஆஜரில்லை" என்பார். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பேர் வாழ்வு கவிழ்ந்திருக்கிறது, எத்தனையோ பேர் வாழ்வு நிமிர்ந்திருக்கிறது.

வெண்கலத்துக்கு ஒரே ஓர் அக்காள். அவள் புருஷன் ஒரு நாள் அறுந்த செருப்பைத் தைத்து வருகிறேன் என்று போனவர். சாயங்காலம் தைக்கிறவர் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஆள் வரவில்லை. தேடாத இடமில்லை, விழாத காலில்லை. வருஷம் ஏழு ஓடிவிட்டது.

அக்காள் குடியிருந்த வீடு புருஷன் பேரில் இருந்தது. போவதற்கு முன்னால் தன் தம்பிக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பவர் செல்லும். அதைக் காட்டித்தான் கொழுந்தன் வீட்டை விற்க ஆள் கூட்டி வந்து, அடுப்படிவரைக்கும் அளந்து பார்த்தான். ஏழு வருஷம் சேதி இல்லாதவர் இறந்தவர் என்று கோர்ட்டு சொல்லிவிட்டால் பவர் செத்துப்போகும், வீடு அக்காளுக்கு வரும். வேறு வழியில்லாமல் அவள் கேஸ் போட்டாள்.

காணாமல் போனவர் உயிரோடிருந்தால் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. வாய்தா நாளும் வந்தது. வெண்கலம் தலைமை எழுத்தரிடம் போய், "ஐயா, அவர் எனக்கு அத்தான். இன்னைக்கு வேற யாராச்சும் கூப்பிடட்டுமே" என்றார்.

"கூப்பிடறதுல என்னய்யா உறவு? உன் தொண்டைய விட்டா இங்க வேற தொண்டை ஏது? போ."

வாசலில் போய் நின்றார். நல்ல வெயில் நேரம், தாழ்வாரம் நிறைய ஜனம். அக்காள் கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அத்தானின் பேரை வாயால் சொன்னதில்லை. முதல் தரம் சொன்னார், நாக்கு கூசியது. இரண்டாம் தரமும் சொன்னார். யாரும் திரும்பவில்லை. மூன்றாம் தரம் வாய் திறந்தபோது, பழகின நாக்கு தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"அத்தான்…"

கூட்டத்துக்குள் எங்கேயோ யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள். அத்தான் பேசுமுன் எப்போதும் செருமுகிற அதே செருமல்.

"இதோ வந்துட்டேன் மாப்ளே."

வெண்கலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. முகம் முகமாகப் பார்த்தார். ஒருத்தன் உடம்பை முறுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டான், ஒருத்தி பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருவரும் எழுந்து வரவில்லை. வந்தால்தானே ஆஜர்? உள்ளே போய், "ஆஜரில்லை" என்றார்.

கொழுந்தனின் வக்கீல் சும்மா இருப்பாரா? "மூணாவது தரம் பேரைச் சொல்லல, முறையச் சொன்னார்" என்று அப்போதே எழுதிவைக்கச் சொன்னார். எழுதிக்கொண்டு, அக்காள் பக்கமே தீர்ப்பும் சொன்னார்கள்.

கொழுந்தன் மாடிக்குப் போனான். ஜில்லாக் கோர்ட்டு அதே கட்டடத்தின் மாடியில்தான் இருந்தது. அக்காள் தம்பியைக் கேட்டாள்: "அங்கயும் அவர நீதான் கூப்பிடணுமா?"

"இல்லக்கா. ஆளக் கூப்பிட்டுக் கேக்கறதெல்லாம் கீழதான். மேல போகப் போக ஆள் வேணாம், காகிதம் போதும். ஜில்லாக் கோர்ட்டு கீழ சொன்னது சரியான்னு பாக்கும். அதுக்கு மேல ஹைக்கோர்ட்டு. அங்க சட்டம் பிசகியிருக்கான்னு மட்டுந்தான் பாப்பாங்க. தலைநகர்ல ஒண்ணு இருக்கு, அதான் உச்சி. அதுக்கு அப்புறம் ஆண்டவன்தான்."

"அப்போ அவர் வந்தாருன்னா கீழதான் வரணும்."

வாசலில் கேட்ட குரலைப் பற்றி வெண்கலம் எதையும் சொல்லாமலே அக்காள் எப்படி அதைக் கேட்டாள் என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனார்.

மாடியிலும் அக்காளுக்கே ஜெயம். ஹைக்கோர்ட்டு மட்டும், பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்றால் மூன்று தரமும் பேரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, மறுபடி முறைப்படி கூப்பிட்டு விசாரிக்கக் கீழேயே திருப்பி அனுப்பிவிட்டது. ஏணியில் ஏறின கேஸ் பாம்பு கடித்தாற்போல் பழைய வாசலுக்கே வந்து விழுந்தது.

இந்த முறை கொழுந்தன் வெண்கலத்தின் முதுகை ஒட்டி நின்றுகொண்டான். "என்ன மச்சான், இன்னைக்காவது பேரு ஞாபகம் இருக்கா? இல்ல, தாத்தா, பாட்டின்னு கூப்பிடப் போறீரா?"

வெண்கலம் பல்லைக் கடித்துக்கொண்டு பேரை மூன்று தரம் கணீரென்று கூப்பிட்டார். மூன்றுக்கும் பதில் இல்லை. ஜனம் நிறைந்த தாழ்வாரம் வெறும் தாழ்வாரமாகவே இருந்தது. அப்பாடா என்று உள்ளே போகத் திரும்பினார்.

வீடு கைவிட்டுப் போகிறதே என்ற ஆத்திரம் கொழுந்தனுக்கு. அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே! எங்கயாச்சும் இருந்தா வாண்ணே!"

செருமல், இரண்டு முறை. இந்தத் தரம் கூட்டத்துக்குள் இல்லை, கொழுந்தனின் காதோரத்தில். அவன் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டான், மூச்சுக்காற்று பட்டவன் மாதிரி. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வெண்கலத்தைப் பார்த்தான். வெண்கலமும் பார்த்தார். கொழுந்தன் வக்கீலிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

"ஆஜரில்லை" என்றார் வெண்கலம்.

தீர்ப்பு வந்தது. கொழுந்தன் மாடிக்கும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. அப்பீல் கெடு கடந்து போயிற்று. பவர் பத்திரத்தை யாரோ கதவிடுக்கு வழியே அக்காள் வீட்டுக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள்.

வீடு அவள் பேருக்கு மாறின அன்று வெண்கலம் போயிருந்தார். அந்தத் தைத்த செருப்பு இன்னமும் வாசல் மூலையிலேயே இருந்தது. யாரும் அக்காளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீ முறை வச்சுக் கூப்பிட்ட, பதில் வந்துச்சு. அவன் கூப்பிட்டான், வந்துச்சு. நான் கூப்பிடவே இல்லையேடா. ஒரு தரம், ஒரே ஒரு தரம், 'என்னங்க'ன்னு கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

கோர்ட்டையே கிடுகிடுக்க வைத்த குரல் அப்போது எழும்பவில்லை. "வேணாம்க்கா" என்றார், காற்று மாதிரி.

"கூப்பிட்டா வந்துடுவாரு, இல்ல?"

"வந்துட்டா வீடு உனக்கு இல்லக்கா."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தாழ்ப்பாள் போட்டாள். அதற்குப் பின் சாகும்வரை, தெருவில் போகிற வேற்று ஆணைக்கூட அவள் அந்தச் சொல்லால் கூப்பிடவில்லை, கைதட்டித்தான் கூப்பிடுவாள்.