கோல் கீப்பர் றிபாஸின் தலைவலி

என் தங்கச்சி ஹுஸ்னியாவின் புருஷன் றிபாஸைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சொல்லட்டும். முதலிலிருந்தே முழுக் கதையும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். எட்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த ஆளும் நான்தான். என் பெயர் சாஜித்.

றிபாஸ் டைல்ஸ் பதிக்கிற மேசன். கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் எத்தனையோ புது வீடுகளின் குசினியும் குளியலறையும் அவன் கை வேலை. மட்டம் வைக்காமலே, வெறும் கண்ணால் பார்த்துத் தரையின் சரிவைச் சொல்லிவிடுவான். பின்னேரம் அஸர் தொழுதால் அடுத்த நிமிடம் கடற்கரை மைதானத்தில் நிற்பான். எங்கள் கழகத்துக்குப் பதின்மூன்று வருடம் கோல் கீப்பர். நான் கழகத்தின் மனேஜர். பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் தூக்குவதும் நடுவருடன் சண்டை பிடிப்பதும்தான் வேலை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். றிபாஸும் ஒரு பேக்கில் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஹுஸ்னியாவின் வீட்டுக்கு வந்தவன்தான். அவன் பிறந்த வீடு சாய்ந்தமருதில் இருக்கிறது. அது அவனுடைய தங்கச்சிக்குப் போய்விட்டது. அவனுக்கென்று ஒரு கூரை கிடையாது.

போன நோன்புப் பெருநாள் முடிந்து நடந்த சுற்றுப்போட்டியில் அரையிறுதி. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த றிபாஸின் நெற்றியில் எதிரணிக்காரனின் முழங்கால் இடித்தது. விழுந்த வேகத்தில் தலை இரும்புக் கம்பத்தில் அடிபட்டது. நான்தான் முதலில் ஓடிப் போனேன். எழுந்து உட்கார்ந்தான், ஆனால் கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

“மச்சான், நாம எந்தப் பக்கம் வெளாடுற?” என்று கேட்டான். பிறகு மெல்லமாக, “பந்து ரெண்டு தெரியிது” என்றான்.

“அப்ப ரெண்டையும் புடிடா” என்றேன்.

பகிடி விட்டேனாம்! மற்றக் கீப்பர் கத்தாருக்குப் போயிருந்தான், இறக்குவதற்கு ஆளில்லை. தலையில் தண்ணீர் ஊற்றி, முதுகில் தட்டி, திரும்பவும் கோலுக்குள் நிற்க வைத்தேன். கடைசியில் ஒரு பெனால்டி. அதைப் பிடித்தானே! பிடித்துக்கொண்டே மறுபடியும் கம்பத்தில் போய் மோதினான். நாங்கள் வென்றோம். தோளில் தூக்கி வைத்து ஆடினோம். தோளில் இருந்தபடியே குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தான். அதையும் சிரித்துக்கொண்டு துடைத்துவிட்டோம்.

அன்றிரவு மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹுஸ்னியா எனக்குப் போன் எடுத்தாள். அண்ணனைக் காக்கா என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். “காக்கா, இவர் மூணு தரம் சத்தி எடுத்திட்டார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றார். எனக்குப் பயமா இரிக்கி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?”

“நீ பயப்பிடாத. நான் கூட்டிட்டுப் போறன்” என்றேன்.

மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே போனால் வார்டில் மறித்துவிடுவார்கள், மறுநாள் விட்டு மறுநாள் இறுதிப் போட்டி. கடற்கரை வீதியில் இளநீர் வாங்கிக் கொடுத்து, ஒரு மணித்தியாலம் காற்று வாங்க வைத்துவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டேன்.

“காட்டினன். ஒண்டுமில்லையாம். வெயில் சூடாம்” என்று நாக்குக் கூசாமல் சொன்னேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

இறுதிப் போட்டியில் நாலு கோல் வாங்கித் தோற்றோம். பந்து போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தான். அன்றைக்கு எனக்கு அவன்மேல் கோபம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

அதன் பிறகு அந்த மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனான். எந்நேரமும் தலைவலி. டைல்ஸ் வெட்டுகிற மெசின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். பதித்த தரை கோணல். ஒரு வீட்டுக்காரர் முழுவதையும் உடைத்து எடுக்கச் சொன்னார். வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டறையில் கிடந்தான். பள்ளியில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று பிடிபடாமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் தொழுவான்.

ஒருநாள் அவனுடைய ஐந்து வயது மகள் கரண்டியால் பீங்கானைத் தட்டி விளையாடியிருக்கிறாள். பறித்துச் சுவரில் எறிந்தான். உடைந்த துண்டு பட்டுப் பிள்ளையின் காலில் இரத்தம். கொஞ்ச நேரத்தில் அவனே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “யாரும்மா ஒனக்கு அடிச்ச?” என்று அழுதானாம். இதை ஹுஸ்னியாதான் எனக்குச் சொன்னாள்.

கண் சிவப்பு, நித்திரை இல்லை, வேலை இல்லை, கோபம். ஊருக்கு வேறென்ன வேண்டும்? ஐஸ் போதைத்தூள் அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதலில் ஹுஸ்னியா அப்படிச் சொன்னவர்களோடு வாய்ச் சண்டைக்குப் போனாள். பிறகு அவளும் தளர்ந்தாள்.

“தலையில ஒண்டுமில்லண்டு டொக்டர் சொல்லிட்டார்தானே காக்கா. அப்ப வேற என்ன?” என்று என்னிடமே கேட்டாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் வாப்பா ஸைனுலாப்தீன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அவனை உட்கார வைத்தார். “ஊட்ட உட்டுப் போங்க மருமகன். மத்ததக் காழி கோட்டுல பேசிக்குவம்” என்று விவாகரத்து வரைக்கும் போய்விட்டார்.

சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். “ஓம் மாமா. நான் இரிந்தா புள்ளைக்குப் பாதுகாப்பில்லதான்” என்றான். பிறகு, “நான் எங்க போற?” என்று கேட்டான்.

நான்தான் அவனைச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோனேன். அவனுடைய தங்கச்சியின் புருஷன் வராதே என்று சொல்லவில்லை, நெல் மூடை அடுக்கிய அறையில் ஒரு மடக்குக் கட்டிலை விரித்துக் கொடுத்தார். றிபாஸ் பேக்கை மூடைமேல் வைத்துவிட்டு, “இண்டைக்கு என்ன நாள் மச்சான்?” என்றான்.

“வெள்ளி.”

“அப்ப ஜும்ஆவுக்கு வெளிக்கிடணும்.”

இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் என் பக்கத்தில் நின்று ஜும்ஆ தொழுதான். யா அல்லாஹ்! எனக்கு அதற்குமேல் முடியவில்லை. நேராக ஹுஸ்னியாவின் குசினிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. “அப்ப ஆஸ்பத்திரிக்கே போகல்லயா?”

“இல்ல.”

“அந்த ஒரு மணித்தியாலமும் எங்க நிண்டீங்க?”

“கடற்கரையில.”

அடுப்பை நிறுத்தினாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு, “எனக்கிட்டச் சொன்னத அவருக்கிட்ட வந்து சொல்லுங்க” என்றாள். என் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. பிள்ளையோடு ஓட்டோவில் வந்தாள்.

நெல் மூடைகளுக்கு நடுவில் நின்று அவனிடம் சொன்னேன். அந்தப் போட்டியே அவனுக்கு ஞாபகமில்லை. கம்பத்தை, சத்தி எடுத்ததை, டாக்டரிடம் காட்டாமலே காட்டியதாகச் சொன்னதை, ஒன்றொன்றாகச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். ஓங்கி ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழ வேண்டும் என்றே விரும்பினேன்.

“அப்ப நான் ஐஸ் அடிக்கல்லயா மச்சான்?” என்று கேட்டான்.

“இல்லடா.”

“எல்லாரும் சொல்லக்கொள நானும் அப்பிடித்தான் நெனச்சன். அடிச்சிட்டு மறந்து போறனாக்கும் எண்டு. பேக்கு, சேட்டுப் பொக்கட் எல்லாம் தேடிப் பாத்தன். ஒண்டும் கிடைக்கல்ல. ஒளிச்சு வெச்ச எடத்தையும் மறந்திட்டன் எண்டு நெனச்சன்.”

ஹுஸ்னியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். றிபாஸ் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை அவன் சிரித்ததைப் பார்த்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“நீ சொன்னது பெரிய ஒதவி மச்சான்” என்றான். “அல்லாஹ் ஒனக்கு நல்லத நாடட்டும்.”