மலையில் பாதியாக்கிய வேண்டுதல்

பாதியக்கா, உன் மகள் போன் செய்தபோது கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நின்றிருந்தன. அதனால் அவள் சொன்னது முதல் தடவையிலேயே காதில் விழுந்தது. "ஆன்ட்டி, அம்மாவ எழுப்பிப் பாத்தேன். எழுந்திருக்கவே இல்ல." கரண்ட் வந்த பிறகும் அன்று யாரும் தறியை ஓட்டவில்லை.

நம் தறிக்கூடத்தில் எல்லோருக்கும் நீ பாதியக்காதான். போண்டாவோ பழமோ, எது வந்தாலும் இரண்டாகப் பிட்டு, ஒன்றைப் பக்கத்திலிருப்பவள் கையில் வைத்துவிட்டுத்தான் நீ வாயில் போடுவாய். பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றியவள் நான்.

எனக்குச் சர்க்கரை வந்த வருஷம் நான் அடித்த கூத்து உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். டாக்டர் சோற்றைக் குறைக்கத்தான் சொன்னார். நான் பயத்தில் மலையேறி, இனி சோறும் இனிப்பும் தொடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் காய்ந்த சப்பாத்திதான். தலை சுற்றும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். கிருத்திகையன்று நீ மலையிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எல்லோரும் தறிக்குப் போனதும், நூல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து தூக்குச்சட்டியையே காலி செய்தேன்.

வாய் நிறையப் பொங்கலோடு நிமிர்ந்தால் நீ நிற்கிறாய்.

"யாருக்குத் தெரியாம துன்னுகினு கீற? டாக்டருக்கா, சாமிக்கா?"

"ரெண்டு பேருக்குந்தாங்க்கா."

சிரித்தாய். ஆனால் சாயங்காலமே டாக்டரிடம் இழுத்துப் போனாய். இப்படிப் பட்டினியும் விருந்துமாக இருந்தால் கண் போய்விடும் என்றார் அவர். அறுந்த நூலைப் பார்த்து முடிச்சுப் போட்டுப் பிழைக்கிறவள் நான். கண் போனால் என்ன செய்வேன்? வேண்டுதலை விட்டால் சாமி குற்றம் என்று அதற்கும் பயம்.

மறுநாள் காலை படியேறினோம். சந்நிதியில் நின்று நீ சத்தமாகவே சொன்னாய்.

"முருகா, இவ பயத்துல முழுசா வேண்டிக்கினா. இவளால ஆவாது. பாதியா எடுத்துக்கோ. பாதி சோறு, பாதி இனிப்பு துன்னட்டும். மிச்சப் பாதிக்கு நான் ஜவாப்தாரி."

"சாமிகிட்டயே பேரமா?" என்றாள் பின்னால் நின்ற ஒரு அம்மா.

"ஆங், உனக்கும் கொறைக்கணுமா, சொல்லு."

அன்றிலிருந்து உன் டிபன் பாக்ஸ் மூடிதான் எனக்கு அளவு. ஒரு மூடி அளவு சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரையோ அவரைக்காயோ. "சோறு உனக்கு எதிரி இல்லடி. அளவா வெச்சுக்கினா கடைசி வரிக்கும் கூட வரும்" என்பாய். அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்தில் உன் இலையில் வைத்த லட்டைப் பிட்டு என் இலையில் வைத்தாய். எனக்கு லட்டோடு வந்த பையனிடம், "அவளுக்கு வெச்சாச்சுப்பா, நீ போ" என்றாய். உனக்குச் சர்க்கரை கிடையாது. முழு லட்டும் தின்றிருக்கலாம். என் எதிரில் ஒரு நாளும் தின்றதில்லை.

என் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கண்ணும் இருக்கிறது. உன் மகளிடம் கேட்டு அந்த மூடியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் காரியத்தன்று இலையில் அதிரசம் வைத்தார்கள். கை தானாக இரண்டாகப் பிட்டது. ஒரு பாதியைத் தின்றேன். மிச்சப் பாதிக்கு நான் ஜவாப்தாரி என்றாயே அக்கா, இதை நான் யார் இலையில் வைப்பேன்?