யோகாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் யோகா அக்காவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கியில் ஆங்கில அறிவிப்பு முடிவதற்குள் அதைத் தமிழில் முணுமுணுத்து முடித்திருப்பார். "அடுத்த தரிப்பிடம் வெஸ்ட்மீட். இறங்கும்போது இடைவெளியைக் கவனியுங்கள்." ரயிலிலும் வேலையா என்று கேட்டால், "நாக்கு துருப்பிடிக்கக் கூடாதல்லோ" என்பார்.

நீதிமன்றம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம் என்று சிட்னியின் மேற்குப் பக்கம் முழுவதும் அலைந்து, ஆங்கிலம் வராத தமிழருக்காகப் பேசிக்கொடுப்பது அவருடைய தொழில். நெருங்கி உட்கார வேண்டிய வேலை என்பதால் காலையில் வெங்காயம் தொடமாட்டார். யாருடைய வழக்கு, யாருக்கு என்ன வருத்தம் என்று ஒரு சொல் வெளியே வராது. வென்ட்வேர்த்வில்லில் அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே தெரியாது. பேசுகிறவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அவர் தூஷணம் பேசினால் இவரும் அதைச் சூடு குறையாமல் பேச வேண்டும். "வாயைக் கொப்பளிச்சுப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள வாறனான்" என்று பகிடி விடுவார்.

போன குளிர்காலத்தில் ஒரு பிற்பகல் பரமட்டாவில் வேலை முடித்து ரயிலேறியிருக்கிறார். வழக்கம்போல முணுமுணுப்பு. எதிரே நின்றவன் இஸ்திரி போட்ட நீலச் சட்டைக்காரன், கழுத்தில் அலுவலக அட்டை. "இங்கிலீஷில் பேசு" என்றான். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அக்கா "ஸொறி?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்தவை அவருடைய நிறத்தையும் இனத்தையும் பற்றியவை. கடைசியில் பெட்டியில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி, இவளையும் இவளுடைய ஆட்களையும் யாராவது தண்டவாளத்தில் தள்ளுங்கள் என்று கத்தினான். பெட்டி நிறையச் சனம். பலர் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார். வெஸ்ட்மீட்டில் கதவு திறந்தபோது அவன் அக்காவின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். பிளாட்போர்மில் ஊன்றிய இடது மணிக்கட்டு உடைந்தது.

நான் வைத்தியசாலைக்குப் போனபோது வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தாள் குடிச்சிருக்கேல்லைத் தங்கச்சி. ஒரு மணமும் இல்லை. வேலை முடிஞ்சு வீட்டை போற ஆள்." இதையே தாதியிடம் சொன்னார், பிறகு மறுபடியும் என்னிடம்.

மகன் யுகன் வந்து கட்டிலருகே நின்றான். "அம்மா, ஜஸ்ட் லீவ் இட். உங்கட முகம் அவனுக்குத் தெரியும். திரும்பி வந்தானெண்டா?"  மறுநாள் காலை அக்கா கைக்கட்டோடு என் வாசலில் நின்றார். சப்பாத்துப் போட்டிருந்தார். "பொலிசுக்குப் போகவேணும். கார் எடுப்பியே?"

எத்தனையோ தடவை அவர் வேலைக்குப் போன நிலையம்தான். அங்கிருந்த இளம் பொலிஸ்காரி கனிவாகவே கேட்டாள்: அவன் சொன்ன வார்த்தைகளை நினைவிருக்கிறபடி சொல்ல முடியுமா? அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தார். வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் பேசும் ஆங்கிலத்தை மூச்சு விடாமல் திருப்பிச் சொல்கிற மனுஷி, ஒரு வசனத்துக்கு வழியில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"இங்கிலீஷ் வருகுதில்லை. இன்ரப்ரிற்றர் கேள்" என்றார்.

மெல்பர்னிலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளராக ஒரு தமிழ்நாட்டுப் பெண்குரல் வந்தது. "வணக்கம்மா. நான் பேசுறது கேக்குதா?" அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, அந்தக் குரல் "நான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனது. தண்டவாளத்துக்கு வந்தபோது தடுமாறியது. ரயிலை விட்டு இறங்கச் சொன்னான் என்று மட்டும் சொல்லி முடித்தது.

அக்கா கையை உயர்த்தினார். "அப்பிடி இல்லைப் பிள்ளை. சனத்தைப் பாத்து, தண்டவாளத்தில தள்ளுங்கோ எண்டு சொன்னவன். அதை அப்பிடியே சொல்லுங்கோ."

"மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்குச் சொல்ல வாய் வரல."

"ஓம், அது எனக்குத் தெரியும். ஆனா அந்த வசனத்திலதான் வழக்கு நிக்குது."

அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டு முழுவதையும் சொன்னாள். பொலிஸ்காரியின் விரல்கள் விசைப்பலகையில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடின.

அடுத்து பொலிஸ்காரி சட்டத்தை விளக்கினாள். தள்ளிக் காயப்படுத்தியது ஒரு குற்றம். இனத்தைக் காரணம் காட்டி, பொது இடத்தில் வன்முறைக்குத் தூண்டியது தனிக் குற்றம்; அதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. வெறுப்பினால்தான் செய்தான் என்று நிரூபணமானால் நீதிமன்றம் அதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளும். இன்னொரு தடவை ஆபத்து என்றால் உடனே அவசர இலக்கமான மூன்று பூச்சியத்துக்கு அழைக்க வேண்டும். எல்லாம் தமிழில் வந்து முடிந்ததும் அக்கா மெல்லச் சொன்னார்: "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. திரும்பச் சொல்லச் சொல்லுங்கோ." திரும்பச் சொன்னார்கள்.

காரில் ஏறிய பிறகுதான் அழுதார். "இதை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்! விளங்குதோ எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டு தலையாட்டுவினம். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது தங்கச்சி. காது அடைச்சுப்போய் இருந்திருப்பினம்."

படம் பிடித்தவர் அதைப் பொலிசுக்கு அனுப்பியிருந்தார். நிலையத்துக் கமராவும் இருந்தது. அவன் அகப்பட்டான், இரண்டு குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். வழக்கு நாளில் நாங்கள் மூவரும் பின்வரிசையில் இருந்தோம். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வேலையில் நெருக்கடி என்று அவனுடைய வழக்கறிஞர் சொன்னார். அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. செய்ததற்குக் காரணம் இனவெறுப்பே என்று நீதவான் வெளிப்படையாகச் சொன்னார். சிறைத் தண்டனைதான், ஆனால் அதைச் சிறைக்கு வெளியே, கண்காணிப்பின் கீழ், சமூக வேலை செய்து கழிக்கலாம் என்று தீர்ப்பளித்தார்.

"தட்ஸ் இட்?" என்றான் யுகன்.

"வெறுப்பு எண்டு நீதவான்ர வாயால வந்தது. என்ர காதால கேட்டனான்" என்றார் அக்கா.

வெளியேறும் கண்ணாடிக் கதவருகே எங்களுக்கு முன்னால் அக்காவைத் தள்ளியவன் நின்றான். வயதான ஒரு பெண் வருகிறார் என்று கண்டு, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். முகத்தில் மரியாதையான புன்னகை. நீங்கள் முதலில் என்று தலையைச் சாய்த்தான். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தபடிதான் அப்படிச் செய்தான். அவனுக்கு அவரைத் தெரியவில்லை.

யுகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அக்கா அப்படியே நின்றார். பிறகு, இன்னும் முழுதாக மடங்காத இடது கையை நீட்டிக் கதவின் பிடியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவனைப் போகும்படி தலையசைத்தார்.